வீரர்கள் போன பிறகு என்ன மிஞ்சும்?

2024 ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரெமனை 5-0 என்று நொறுக்கி, பேயர் லெவர்குசன் முதல் முறையாக ஜெர்மன் சாம்பியன் ஆனது. 1904இல் மருந்துக் கம்பெனித் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப். அதுவரை ஒரு லீக் பட்டம்கூடக் கிடையாது. இடைவேளைக்குப் பிறகு இறங்கிய ஃப்ளோரியான் விர்ட்ஸ் ஹாட்ரிக் அடித்தார். நடுவர் விசில் ஊதும் முன்பே ரசிகர்கள் திடலுக்குள் புகுந்துவிட்டார்கள். அந்த சீசனின் 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வி இல்லை. எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 51 ஆட்டங்கள் தோற்காத பிறகுதான் யூரோப்பா லீக் இறுதியில் அட்டலான்டாவிடம் விழுந்தார்கள்.

அதைப் பார்த்து லெவர்குசன் ஜெர்சி வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று தடுப்பாட்டக்காரர்கள், இரு ஓரங்களிலும் ஏறி இறங்கும் ஃப்ரிம்பாங்கும் கிரிமால்டோவும், நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கிரனித் ஜாக்கா, கடைசி நிமிடத்திலும் பதறாத பாஸ்கள். பயிற்சியாளர் சாபி அலோன்சோ கட்டியது அப்படி ஓர் அணி. ஆனால் 2025 கோடையில் என்ன நடந்தது? அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். விர்ட்ஸும் ஃப்ரிம்பாங்கும் லிவர்பூலுக்கு, ஜோனதன் தா பேயர்ன் மியூனிக்குக்கு, ஜாக்கா சண்டர்லேண்டுக்கு. அலோன்சோவுக்குப் பதில் வந்த எரிக் டென் ஹாக்கை இரண்டே லீக் ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெர்சி பீரோவில் இருக்கிறது. அதன் முதுகில் பெயர் பொறித்த ஆள் வேறு நாட்டில் ஆடுகிறார்.

வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் கிளப் தேடுகிறவர்கள் வழக்கமாக வழுக்குவது இங்கேதான். எந்த அணி நன்றாக ஆடுகிறது, யார் நட்சத்திரம் என்று பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். புண்டஸ்லிகா வீரர்களை வளர்த்து விற்கும் லீக். ஆட்டத்துக்கு சராசரியாக 3 கோலுக்கு மேல் விழும், பார்க்க சுவையான லீக் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சுவையைத் தரும் கால்களுக்கு இங்கிலாந்தில் அதிக விலை உண்டு. எனவே ஜெர்மன் கிளப் ஒன்றை எடுத்துக்கொள்ள நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த பதினொரு பேரும் அந்தப் பயிற்சியாளரும் போய்விட்டால் இங்கே என்ன மிஞ்சும்?

பேயர்ன் மியூனிக்கில் கோப்பை மிஞ்சும். 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டங்கள். லெவர்குசன் ஒரு வருடம் பறித்துக்கொண்டதை 2025இல் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஹாரி கேனுக்கும் ஒருவழியாக ஒரு கோப்பை கிடைத்தது. இந்தியாவோடு பழைய தொடர்பும் உண்டு. 2008 மே மாதம் கோல்கீப்பர் ஆலிவர் கானின் பிரியாவிடை ஆட்டங்களில் ஒன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மோகன் பகானுக்கு எதிராக நடந்தது. பேயர்னை ஆதரிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. பிப்ரவரிக்கே முடிவு தெரிந்துவிடும் சீசன்களைச் சகித்துக்கொள்ளும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது இல்லை.

மற்ற கிளப்புகளைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் 50+1 விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளப்பின் தொழில்முறை அணி தனிக் கம்பெனியாக இருந்தாலும், வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்தின் கையில்தான் இருக்க வேண்டும். 1998இல் கம்பெனியாக மாற அனுமதி தந்தபோதே போட்ட நிபந்தனை இது. பேயர்னிலேயே அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் சேர்ந்து கால் பங்குதான் வைத்திருக்கின்றன. முக்கால் பங்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சங்கத்துடையது. லெவர்குசனுக்கும், ஃபோக்ஸ்வாகன் பின்னால் நிற்கும் உல்ஃப்ஸ்பர்க்குக்கும் பழைய தொடர்பைக் காட்டி விலக்கு உண்டு. லெய்ப்ஸிக் விதியை எழுத்தளவில் மட்டும் நிறைவேற்றியது. ரெட் புல் 2009இல் ஓர் ஐந்தாம் டிவிஷன் அணியின் உரிமத்தை வாங்கித் தொடங்கிய அந்தக் கிளப்பில் வாக்குரிமை உள்ளவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். களத்தில் குறை சொல்ல முடியாத அணி: 2016இல் முதல் டிவிஷனுக்கு வந்த முதல் சீசனிலேயே இரண்டாம் இடம், 2022, 2023 இரண்டு ஆண்டும் ஜெர்மன் கோப்பை. ஆனால் வீரர்கள் போன பிறகு அங்கே மிஞ்சுவது ஒரு கம்பெனியின் ஆள்சேர்ப்பு முறை. அதை ஆதரிப்பதற்கு அதன் பங்குகளை வாங்கலாம், விற்கிறார்கள் என்றால்.

இந்த விதி வெளியூர் ரசிகரை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒளிபரப்பு வருமானத்தில் சுமார் 8 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளருக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு 100 கோடி யூரோ வரை வாங்குவது. இரண்டு டிவிஷன்களின் 36 கிளப்புகளில் 24 ஆதரவு, மூன்றில் இரண்டு பங்கு மிகச்சரியாகத் தேறியது. வாக்கு ரகசியமானது. ஹானோவர் கிளப்பின் பிரதிநிதி, தன் சங்கம் சொன்னதற்கு மாறாக வாக்களித்தாரோ என்ற சந்தேகம் கிளம்பியதும் கேலரிகள் கொதித்தன. வாரா வாரம் திடலில் டென்னிஸ் பந்துகளும் சாக்லேட் காசுகளும் மழையாகப் பொழிந்தன. ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. புகை கக்கும் ரிமோட் கார்களைக்கூடப் புல்வெளியில் ஓட்டினார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு எதற்கு? வெளிநாடுகளில் லீக்கை விளம்பரப்படுத்துவதற்கு. அதாவது சென்னையிலும் ஜகார்த்தாவிலும் உட்கார்ந்து எந்த கிளப் என்று யோசிக்கும் ஆட்களைப் பிடிப்பதற்கு. நாம் எந்தக் கேலரியைப் பார்த்து மயங்குகிறோமோ அந்தக் கேலரி நம்மைப் பிடிக்கும் செலவுக்கு எதிராகத்தான் டென்னிஸ் பந்து வீசியது. நம் மீது அவர்களுக்குக் கோபம் இல்லை. நமக்கு வசதியாக ஆட்ட நேரம் மாறுவதையும், அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் ஆட்டங்கள் பறப்பதையும்தான் வெறுக்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்டங்களையே எதிர்த்து நிறுத்தியவர்கள் அவர்கள். ஜெர்மன் கிளப்பை வெளியிலிருந்து ஆதரிக்க வருகிறவர் வாடிக்கையாளராக அல்லாமல் விருந்தாளியாக வருவது நல்லது. உறுப்பினராகச் சேர வேண்டுமா, பெரிய கிளப்புகள் பலவற்றில் வெளிநாட்டவரும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேரலாம். வாக்களிக்க மட்டும் பெரும்பாலும் பொதுக்குழு நடக்கும் அரங்குக்கே போக வேண்டியிருக்கும்.

விருந்தாளியை முதலில் இழுப்பது டார்ட்மண்ட். அதன் தெற்கு கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய நின்று பார்க்கும் கேலரி இல்லை. சாஞ்சோ, ஹாலண்ட், பெல்லிங்காம் என்று வருடத்துக்கு ஒருவராக 2021 முதல் 2023 வரை இங்கிருந்து போனார்கள். கேலரி குறையவில்லை. 2005இல் கடனில் மூழ்கி திவாலின் விளிம்புவரை போனபோதும் குறையவில்லை. ஆனால் இந்தக் கிளப்பைப் புரிந்துகொள்ள ஒரு நாள் போதும்: 2023 மே 27. கடைசி ஆட்டத்தில் மைன்ஸை வென்றால் பட்டம், சொந்த ஊரில். 15ஆவது நிமிடம் ஒரு கோல் வாங்கினார்கள். சிறிது நேரத்தில் ஹாலர் பெனால்டியைத் தவறவிட்டார். 24ஆவது நிமிடம் 0-2. அந்த நாள் டார்ட்மண்ட் தோற்றது கால்களால் அல்ல. பெனால்டி போனதும் ஒவ்வொரு பாஸும் அவசரமானது, ஓரத்திலிருந்து குருட்டுத்தனமாகப் பந்தை உள்ளே தூக்கினார்கள், மைன்ஸ் தடுப்பாட்டம் தலையால் முட்டி வெளியே அனுப்பியது. இதற்கிடையில் 81ஆவது நிமிடம் கொலோனில் பேயர்னுக்கு எதிராகப் பெனால்டியில் 1-1. தோற்றுக்கொண்டிருக்கும்போதே டார்ட்மண்ட் பட்டியலில் சாம்பியன்! எட்டு நிமிடம். 89இல் ஜமால் முசியாலா அடித்தார். இறுதியில் டார்ட்மண்ட் 2-2, இரு அணிக்கும் 71 புள்ளி, கோல் வித்தியாசத்தில் கோப்பை மியூனிக்குக்கு. ஆட்டம் முடிந்ததும் தெற்கு கேலரி கலையவில்லை. அழுதுகொண்டு வந்த பயிற்சியாளர் எடின் டெர்ஸிச்சுக்காகப் பாடியது.

பக்கத்து ஊர் ஷால்கேவுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை, ஏனென்றால் அவர்கள் 2001 மே 19 அன்று நான்கு நிமிடம் சாம்பியனாக இருந்தவர்கள். ஹாம்பர்க்கில் பேயர்ன் தோற்றுவிட்டது என்று நம்பி ரசிகர்கள் திடலில் இறங்கிக் கொண்டாடும்போதே, அங்கே கூடுதல் நேரத்தில் பாட்ரிக் ஆண்டர்சன் ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார். ஷால்கே கெல்சென்கிர்ஷென் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரின் கிளப். வீரர்கள் திடலுக்கு வரும் வழியைச் சுரங்கப் பாதைபோலவே அமைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் பக்கத்திலேயே மூடப்பட்டது. கடைசி லீக் பட்டம் 1958இல். 2020-21 சீசனில் 16 புள்ளி மட்டும் எடுத்து இறங்கினார்கள். அதற்குமுன் முந்தைய சீசனையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 30 லீக் ஆட்டங்கள் வெற்றியில்லை, மிக மோசமான சாதனைக்கு ஒன்றே ஒன்று பாக்கி. பிறகு இரண்டாம் டிவிஷனில் ஆடும்போது ஆட்டத்துக்குச் சராசரியாக 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். வீரர்கள் போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் எந்த லீக்கிலும் இல்லை. ஆனாலும் புதியவருக்கு ஷால்கேயைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அந்த வேதனை ஊரோடு ஒட்டியது. தொலைவிலிருந்து வாங்கினால் அது வெறும் பரிதாபமாக மாறிவிடும். விதிவிலக்கு உண்டு. ரூர் வட்டாரத்தில் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்கள் பல. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் அந்தப் பக்கம்தான். உறவுக்காரர் அங்கே இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவர் எந்தக் கிளப்போ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாறி எடுத்தால் கல்யாண வீட்டில் பேச்சு வார்த்தை இருக்காது.

யூனியன் பெர்லின் கதையை எல்லோரும் ஏற்கனவே கேட்டிருப்பார்கள்: 2008-09இல் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூலி வாங்காமல் சிமென்ட் சுமந்து தங்கள் அரங்கைக் கட்டியது, டிசம்பரில் அங்கே கூடிக் கிறிஸ்துமஸ் பாடல் பாடுவது. அழகான கதை. கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், ஏனென்றால் அந்தக் கிளப்பின் உயிரே நேரில் போவதில்தான் இருக்கிறது. ஹாம்பர்க்கின் செயின்ட் பாலி நேரெதிர். மண்டையோட்டுக் கொடி உலகம் முழுக்கப் பயணிக்கும், இடதுசாரி அரசியலும் கூடவே பயணிக்கும். அரங்கை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்கள் அவர்கள். அரசியல் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டையோடு பிடித்ததற்காக எடுத்தால் டீ-ஷர்ட் மட்டும் போதும்.

என் வாக்கு ஃப்ரைபர்க்குக்கு. பிளாக் ஃபாரஸ்ட் மலையோரத்து பல்கலைக்கழக நகரம். பழைய ட்ரைசாம் அரங்கின் திடல் விதித்த நீளத்தைவிடக் குறைவு, சரிவு வேறு; தனி அனுமதி வாங்கித்தான் ஆடினார்கள். 2021இல் புது அரங்குக்குப் போனார்கள். 1991 முதல் 2024 வரை 33 ஆண்டுகளில் நான்கே பயிற்சியாளர்கள். ஃபோல்கர் ஃபிங்கே 16 ஆண்டு. இடையில் மூன்று முறை அணி தரமிறங்கியும் அவரை அனுப்பவில்லை. பிறகு ராபின் டட் (தந்தை இந்தியர்), அவருக்குப் பின் சில மாதங்கள் மார்க்கஸ் சோர்க். அதன் பிறகு கிறிஸ்டியன் ஸ்ட்ரைஷ், கிளப்பின் இளைஞர் அணிகளில் பல ஆண்டு உழைத்து மேலே வந்தவர். 2015இல் இறங்கினார், வேலை போகவில்லை, அடுத்த ஆண்டே இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக ஏறினார். 2024இல் அவர் விலகியதும் முன்னாள் கேப்டன் யூலியான் ஷூஸ்டரிடம் ஒப்படைத்தார்கள். அவருடைய முதல் சீசனில் ஐந்தாம் இடம்.

இங்கே ஆட்டமுறையே மிஞ்சுகிறது, அதனால்தான் இது புதியவருக்கு ஏற்றது. எதிராளியை ஆளுக்கு ஆள் பிடித்து நெருக்குவது, இடது ஓரத்தில் கிறிஸ்டியன் குன்டரும் வின்சென்சோ க்ரிஃபோவும் சேர்ந்து உருவாக்கும் கிராஸ், க்ரிஃபோவின் ஃப்ரீ கிக், கார்னரில் யார் எந்தக் கம்பத்துக்கு ஓட வேண்டும் என்ற ஒத்திகை. நில்ஸ் பீட்டர்சன் என்ற முன்கள வீரர் இங்கே மாற்று வீரராக இறங்கி அடித்துத்தான் புண்டஸ்லிகா சாதனை படைத்தார். வேறு கிளப்பில் இருந்தால் முதல் பதினொன்றில் இடம் கேட்டுச் சண்டை போட்டிருப்பார். சோயுன்ச்சுவும் ஷ்லோட்டர்பெக்கும் விற்கப்பட்டார்கள், ஆட்டத்தின் சாயல் மாறவில்லை. 2014இல் டார்ட்மண்டுக்குப் போன மத்தியாஸ் கின்டர் எட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். குறையும் உண்டு. 2022 கோப்பை இறுதியில் ஒரு கோல் முன்னிலை, எதிரணி லெய்ப்ஸிக்கில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. அப்படியும் பின்வாங்கி நின்று சமன் கொடுத்து, பெனால்டியில் தோற்றார்கள். முன்னிலையில் இருக்கும்போது பந்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதது அந்த அணியின் பழைய நோய்.

ஒரு நடைமுறை விஷயம். சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்கள் நம் நேரப்படி கோடையில் இரவு 7, குளிர்காலத்தில் 8. பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு அரை மணி முந்தித் தொடங்குவதால் இரண்டையும் முழுதாகப் பார்க்க முடியாது. ஒன்றை விட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்டம் நள்ளிரவு 12 அல்லது 1. ஃப்ரைபர்க் யூரோப்பா லீக்கில் ஆடும் சீசன்களில் வியாழன் இரவு ஆடிவிட்டு வருவதால், லீக் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும். அப்போது கோடைக் கணக்கில் 7, 9 மணி ஆட்டங்கள் கிடைத்தால் நல்லது. கடைசி ஆட்டமாக 11 மணிக்குப் போட்டுவிட்டால் திங்கள் காலை ஆபீஸை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.