தளையிடலும் அணைதலும்: ஜீன் ஆன்டாலஜியின் ஒரு சொற்பகுப்பு

செல் தான் உருவாக்கிய புரதங்களை வெளியே அனுப்பும் வழி எக்சோசைட்டோசிஸ். கோல்கி உறுப்பிலிருந்து புறப்படும் நுண்பை செல் சவ்வை எட்டியவுடன் அதனோடு கலந்துவிடுவதில்லை. முதலில் சற்றுத் தொலைவிலேயே புரதக் கயிறுகள் அதைப் பிடிக்கின்றன. முளையில் கட்டிய கன்றைப் போல நுண்பை கயிற்றின் நீளத்துக்குள் அசையலாம், விலகிப் போக முடியாது. இது தளையிடல். பிறகு இரு சவ்வுகளும் நெருங்க, ஸ்னேர் புரதங்கள் ஒன்றையொன்று பற்றத் தொடங்குகின்றன. இது அணைதல். இறுதியில் இரு சவ்வுகளும் ஒன்றாகின்றன. ஜீன் ஆன்டாலஜி தளையிடலை அணைதலிலிருந்து பிரித்து, அதற்கு முந்தைய தனிச் செயலாக வரையறுக்கிறது. பகுப்பு சரியானது. ஆனால் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும் இடத்தில்தான் அது பயன் தருகிறது.

ஜீன் ஆன்டாலஜி 1998இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகியவற்றின் மரபணுத் தரவுத்தளங்கள் கூடித் தொடங்கிய பொதுச் சொற்களஞ்சியம். இன்று அதில் ஏறத்தாழ 40,000 சொற்கள் உள்ளன. மூலக்கூறு வேலை, உயிரியல் செயல்முறை, செல்லில் இருக்கும் இடம் என மூன்று கிளைகள் உண்டு. சொற்கள் ‘இதன் வகை’, ‘இதன் பகுதி’ போன்ற உறவுகளால் வலைபோல் பின்னப்பட்டவை. எக்சோசைட்டோசிஸில் நிகழும் தளையிடல் பொதுவான தளையிடலின் ஒரு வகை. எக்சோசைட்டோசிஸின் ஒரு பகுதியும் கூட. ஒரு மரபணுவை ஒரு சொல்லோடு இணைக்கும் பதிவே குறிப்புரை. கீழ்ச்சொல்லில் பதிவான மரபணு மேற்சொற்களுக்கும் உரியதாகிவிடும்.

பகுப்பின் வலிமையை எக்சோசிஸ்ட் கூட்டுப்புரதம் நன்கு காட்டுகிறது. 1996இல் பெயர் பெற்ற இது எட்டு உறுப்புகள் கொண்டது. செக்15 என்ற உறுப்பு நுண்பையின் மேலுள்ள செக்4 புரதத்தைப் பற்றுகிறது. செக்3, எக்சோ70 இரண்டும் செல் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளைப் பற்றுகின்றன. பாலம் போன்ற இந்த வேலை, சவ்வுகளை ஒன்றாக்கும் ஸ்னேர்களின் வேலை அன்று. அணைதல் என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் இரண்டும் ஒரே பெட்டியில் விழும். தனிச்சொல் இருப்பதால் ஈஸ்டின் எக்சோசிஸ்டையும் மனிதச் செல்லின் எக்சோசிஸ்டையும் ஒரே கேள்வியால் தேடலாம். கோல்கியில் இதே வேலையைச் செய்யும் காக், ஈஸ்டின் வெற்றிடப்பையில் செய்யும் ஹாப்ஸ் ஆகிய கூட்டுப்புரதங்களையும் பொதுச்சொல்லின் கீழ் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதல் குறை சான்றில் இருக்கிறது. பீட்டர் நோவிக்கும் ராண்டி ஷெக்மனும் மற்றோர் உடனாய்வாளரும் 1980இல் ஈஸ்டின் சுரப்புக்குத் தேவையான 23 மரபணுக்களை அறிவித்தனர். அவற்றுள் பத்தில் பழுது ஏற்பட்டால், வெப்பநிலையை 37 டிகிரிக்கு உயர்த்தியதும் செல்லுக்குள் நுண்பைகள் குவிகின்றன. அந்தப் பத்தில் ஆறு எக்சோசிஸ்டின் உறுப்புகள். எஞ்சியவற்றில் செக்4 ராப் வகையைச் சேர்ந்த ஒரு கட்டுப்பாட்டுப் புரதம், செக்2 அதைத் தூண்டுவது, செக்9 ஒரு ஸ்னேர், செக்1 ஸ்னேர்களுக்குத் துணை. வேலைகள் வேறுவேறு; மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் காட்சியோ ஒன்றே. ஆகவே நுண்பைக் குவியலை மட்டும் வைத்து ஒரு மரபணுவுக்குத் தளையிடல் என்று குறிப்புரை எழுதுவது சான்றைத் தாண்டிய கூற்று. செக்3ஐ மைட்டோகாண்ட்ரியாவின் மேல் பொருத்தியபோது நுண்பைகளும் அங்கே வந்து சேர்ந்தன. இத்தகைய சோதனைதான் தளையிடலை நேரடியாகக் காட்டுகிறது.

இரண்டாவது குறை துறைகளின் வழக்கில் உள்ளது. நரம்பிணைப்பை ஆராய்வோருக்கு அணைதல் என்பது நுண்பை சவ்வைத் தொட்டு நிற்பதாகப் படத்தில் தெரியும் நிலை. ஈஸ்ட் ஆய்வாளர்களுக்கோ அது புரதங்களின் செயலால் அறியப்படும் ஒரு கட்டம். விரைவாக உறையவைத்துப் படமெடுக்கும் முறை வந்தபின், மன்க்13 என்ற புரதம் இல்லாத நரம்பிணைப்புகளில் சவ்வைத் தொட்டு நிற்கும் நுண்பைகள் வெகுவாகக் குறைவது தெரிந்தது. அதற்கு முன் அப்புரதம் அணைதலுக்குப் பிந்தைய ஆயத்தத்துக்கே உரியதாகக் கருதப்பட்டது. படமெடுக்கும் முறை மாறினால் கட்டத்தின் எல்லையும் நகர்கிறது என்றால், வரையறை இன்னும் திடப்படவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது குறை கணக்கீட்டில் வெளிப்படுகிறது. தளையிடுவது முழுக் கூட்டுப்புரதம். குறிப்புரையோ ஒவ்வோர் உறுப்பின் மரபணுவுக்கும் தனித்தனியே எழுதப்படுகிறது. ஒரு சோதனையில் எக்சோசிஸ்டின் எட்டு மரபணுக்களும் சேர்ந்து தென்பட்டால், புள்ளியியல் பகுப்பாய்வு ஒரே பொறியை எட்டுத் தனிச் சான்றுகளாக எண்ணிவிடும். மரபணுக்களின் பரிணாம உறவை வைத்துக் குறிப்புரையை வேறு உயிரிக்கு மாற்றும்போது சிக்கல் வளர்கிறது. ஈஸ்டில் எக்சோ70 ஒன்றே; அராபிடாப்சிஸ் செடியில் 23. அத்தனையும் அதே வேலையைச் செய்கின்றன என்று முன்கூட்டியே கொள்ள முடியாது.

இக்குறைகள் பகுப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதைக் கவனமாகக் கையாளச் சொல்கின்றன. சான்று நுண்பைக் குவியலை மட்டும் காட்டினால், எக்சோசைட்டோசிஸ் என்ற மேற்சொல்லே நேர்மையான குறிப்புரை. வரையறை எந்த அளவீட்டால் ஒரு கட்டம் அறியப்படும் என்பதைச் சொல்லவேண்டும். புதிய கீழ்ச்சொல் பிறக்கும்போது மேற்சொல்லில் தங்கிய பழைய பதிவுகளையும் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டு மறுபார்வை செய்யவேண்டும். கூட்டுப்புரதத்தை ஓர் அலகாக வைத்து அதன் செயலை அடுத்த செயலோடு காரணத் தொடராக இணைக்கும் ஜீன் ஆன்டாலஜியின் புதிய மாதிரிகள் மூன்றாவது குறைக்கு நல்ல மருந்து. சொல் எவ்வளவு நுண்மையானதோ, அவ்வளவு நுண்மையான சான்று அதன் பின்னால் நிற்கவேண்டும்.