ஒற்றைக் கண் கிழவர்

டால்ஸ்டாயின் நாவலை டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழில் தந்தாரே, அதைப் படித்தவர்களிடம் யாரைப் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். நட்டாஷா என்பார்கள், ஆண்ட்ரூ என்பார்கள், பியர் என்பார்கள். சேனாதிபதி குட்டுஸோவின் பெயரைச் சொல்லுகிறவர்கள் அபூர்வம். கல்லூரி நாட்களில் நானும் அந்த ஒற்றைக் கண் கிழவர் வருகிற பக்கங்களைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். யுத்த ஆலோசனையின் நடுவே தூங்கி வழிகிற மனிதரிடம் இருபது வயதுக்காரனுக்கு என்ன வேலை? நாற்பதைத் தாண்டிய பிறகு, அவர் வருகிற இடங்களுக்காகவே புத்தகத்தைத் திரும்ப எடுக்கிறேன்.

அவர் உண்மையில் பெரியவராகிற இடம் 1812. நெப்போலியனின் படை ருஷ்யாவுக்குள் வந்துவிட்டது. செப்டம்பர் 7ஆம் தேதி போரோடினோவில் நடந்த சண்டையில், இரு தரப்பிலுமாகச் சுமார் 70,000 பேர் மாண்டும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஆறு நாள் கழித்து மாஸ்கோவுக்கு வெளியே ஃபிலி என்ற கிராமத்தில், ஒரு குடியானவன் வீட்டில் தளபதிகள் கூடுகிறார்கள். நகரத்துக்காக இன்னொரு சண்டை போட்டு மிச்சமிருக்கும் சைனியத்தையும் இழப்பதா, அல்லது சைனியத்தைக் காப்பாற்றிக்கொண்டு மாஸ்கோவை விட்டுவிடுவதா? எதைச் செய்தாலும் நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல யாராலும் முடியாது.

இந்தக் காட்சியை டால்ஸ்டாய் எழுதியிருக்கிற விதத்தை நினைத்தால் எழுத்துத் தொழிலில் இருக்கிற எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ருஷ்யக் குடியானவர் வீட்டு அடுப்பு, மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிது. அதன்மேல் அந்த வீட்டுச் சிறுமி மலாஷா, ஆறு வயதுக் குழந்தை, உட்கார்ந்திருக்கிறாள். கிழவர் அவளுக்குச் சர்க்கரைக் கட்டி கொடுத்திருக்கிறார். கீழே நடப்பதையெல்லாம் அவள் கண்ணால் நாம் பார்க்கிறோம். அவளுக்கு வியூகம் தெரியாது; தேச கௌரவம் தெரியாது. தாத்தாவுக்கும் நீளக் கோட்டுக்காரருக்கும் ஏதோ தகராறு என்று மட்டும் தெரிகிறது. அவள் தாத்தா பக்கம். நீளக் கோட்டுக்காரரான பென்னிக்ஸன் வீராவேசமாகப் பேசுகிறார். அப்படிப் பேசுவது அவருக்குச் சுலபம். தோற்றால் பழி அவர் தலையில் விழாது. கடைசியில் கிழவர் பின்வாங்கும் உத்தரவைத் தம் பெயரிலேயே கொடுக்கிறார்.

எல்லோரும் போன பிறகு அவர் தனியாக உட்கார்ந்து, இந்தக் கதி எப்போது நேர்ந்தது, எந்த நாளில் இது தீர்மானமாயிற்று என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். பதில் கிடைக்கவில்லை. பிறகு மேஜையைக் குத்தி, அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் ஒருநாள் குதிரை மாமிசம் தின்னத்தான் போகிறார்கள் என்று கத்துகிறார். நம்பிக்கை என்றால் அமைதியான முகமும் புன்னகையும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

இவருக்கு நேர் எதிரிடையாக மாஸ்கோவின் கவர்னர் ரஸ்டாப்சின் இருக்கிறார். அவர் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டி, எதிரி நகரத்துக்குள் கால் வைக்க மாட்டான் என்று ஜனங்களுக்கு நம்பிக்கை ஊட்டியவர். எதிரி வந்துவிட்ட காலையில் ஜனங்கள் அவர் வாசலில் திரண்டபோது, வெரஷாகின் என்ற இளைஞனை, கைதியாக இருந்தவனை, துரோகி என்று காட்டிக் கூட்டத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் புழக்கடை வழியாக வண்டியேறிப் போய்விடுகிறார். அடித்தே கொன்றுவிடுகிறார்கள். பொதுநன்மைக்காகச் செய்ததுதான் என்று வண்டியில் அவர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். பொய் நம்பிக்கை கொடுத்தவருக்கு, அது உடையும்போது ஒரு பலி தேவைப்படுகிறது. கிழவர் ஜனங்களுக்கு எந்த வாக்கும் கொடுத்து நோட்டீஸ் ஒட்டவில்லை. அதனால் யாரையும் பலி கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

சேனாதிபதிகள் சரித்திரத்தை நடத்துவதில்லை, சரித்திரம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது என்று டால்ஸ்டாய் பக்கம் பக்கமாக வாதாடுகிறார். அது உண்மையானால் ஃபிலியில் அந்தக் கிழவர் வாய் திறந்தால் என்ன, மூடினால் என்ன? தத்துவவாதி டால்ஸ்டாயின் பேச்சை நாவலாசிரியர் டால்ஸ்டாய் கேட்கவில்லை. நல்லவேளை.

அக்டோபர் 19ஆம் தேதி நெப்போலியன் மாஸ்கோவை விட்டுக் கிளம்புகிறான். செய்தி வரும் ராத்திரி, கிழவர் தூங்காமல் படுக்கையில் இருக்கிறார். போரோடினோவில் அடிபட்ட மிருகம் சாகுமா பிழைக்குமா என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அதிகம் ஆசைப்படுகிற காரணத்தாலேயே தம் ஆசையை நம்பப் பயந்தவர். செய்தியைக் கேட்டதும் சுவாமி படங்களின் பக்கம் திரும்பி அழுகிறார். இவ்வளவு சந்தேகத்தோடு கூடிய நம்பிக்கையை வேறு நாவலில் நான் பார்த்ததில்லை.

நவம்பரில் கிராஸ்னோயே. பனியில் வெந்து புண்ணான முகங்களோடு பிரெஞ்சுக் கைதிகள் நிற்கிறார்கள். இருவர் பச்சை மாமிசத்தைப் பிய்த்துத் தின்கிறார்கள். குதிரை மாமிசம் தின்னச் சபித்தவர் இதைப் பார்த்துவிட்டுத் தம் வீரர்களிடம் பேசுகிறார். அவர்கள் பலமாக இருந்தவரை நாம் நம்மையே பாராமல் போராடினோம், இப்போது இரங்கலாம், அவர்களும் மனிதர்கள்தானே என்கிறார். இதோடு நிறுத்தியிருந்தால் அது பிரசங்கமாகப் போயிருக்கும். உடனே, இவர்களை இங்கே யார் கூப்பிட்டது என்று பச்சையாக ஒரு வசவும் வைக்கிறார். படை முழுவதும் சிரித்து ஆர்ப்பரிக்கிறது. அந்த வசவு இருப்பதால்தான் அந்த இரக்கத்தை என்னால் நம்ப முடிகிறது.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை. சைனியத்தைக் காப்பாற்றிய அந்தப் பின்வாங்கலில் காயம்பட்ட ருஷ்யர்கள் பல்லாயிரம் பேர் மாஸ்கோவிலேயே விடப்பட்டார்கள். நகரம் எரிந்தபோது அவர்களில் பலர் மாண்டார்கள். கிழவரின் கருணை அவர்களை எட்டவில்லை. டால்ஸ்டாய் இதை அவர் கணக்கில் எழுதாமல் நகர்ந்துவிடுகிறார். ஆனால் வேறோர் இடத்தில், ராஸ்டாவ் வீட்டு முற்றத்தில், மூட்டை முடிச்சுகள் ஏற்றிய வண்டிகள் புறப்படத் தயாராக நிற்கின்றன. தெருவில் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். சாமான்களை விட்டுப் போக அம்மாவுக்கு மனமில்லை. அப்பாவுக்கு வாய் எழவில்லை. நட்டாஷா உள்ளே ஓடி அம்மாவிடம் சண்டை போடுகிறாள். ஜமக்காளங்களும் பீங்கான் பெட்டிகளும் ஒவ்வொன்றாக இறங்குகின்றன.