அதிநாயகத் திரையிசையும் பாடாண் மரபும்: பாடுவோர் யார் என்னும் வினா

முன்னுரை

மாந்த ஆற்றலை விஞ்சிய ஆற்றல் உடையவனாய், முகமூடியோ புனைவேடமோ பூண்டு, அல்லற்படுவோரைக் காக்க வரும் தலைமகனைப் பேச்சு வழக்கில் ‘சூப்பர் ஹீரோ’ என்பர். இக்கட்டுரை அவனை ‘அதிநாயகன்’ எனக் குறிக்கிறது. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கதை இதழில் சூப்பர்மேன் தோன்றியது முதல் இவ்வகைமை உலகெங்கும் பரவியது. 1978-இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்திற்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த அணிநடை இசை, அதிநாயகன் வருகையை அறிவிக்கும் இசைக்கு முன்மாதிரியாயிற்று. அங்கே நாயகனின் பெருமையைச் சொற்கள் கூறுவதில்லை, ஊதுகருவிகள் கூறுகின்றன.

தென்னிந்தியத் திரைப்படத்தின் நிலை வேறு. இங்கு நாயகன் பாட்டோடு வருகிறான். அப்பாட்டில் சொல் உண்டு; சொல் உண்டாயின் சொல்லுவோர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் யார்? எந்த உரிமையால் புகழ்கிறார்? புகழும் அவ்வாய்க்குக் கடிந்துரைக்கும் உரிமையும் உண்டா? இவ்வினாக்களைத் தமிழ்ப் பாடாண் மரபின் துணைகொண்டு எழுப்பி, அண்மைக் காலத் திரைப்படங்கள் சிலவற்றின் இசையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘கந்தசாமி’ (2009), ‘கே.ஜி.எஃப்.’ (2018, 2022), ‘மாவீரன்’ (2023), ‘தங்கலான்’ (2024), ‘லோகா’ (2025) ஆகியவை ஆய்வெல்லையுள் அடங்கும். இவற்றுள் சில அதிநாயகப் படங்கள். சில அவற்றின் எல்லையில் நிற்பவை.

பாடாண்: புகழ்ச்சியும் கடிந்துரையும்

தொல்காப்பியர் பாடாணைக் கைக்கிளைக்குப் புறனாக வைத்தார். கைக்கிளை ஒருதலைக் காமம். புகழ் வேண்டும் தலைவனும் பரிசில் வேண்டும் புலவனும் ஒருவரையொருவர் நாடினும் அவர்தம் வேட்கைகள் வேறுவேறானவை. இவ்வொருதலைத் தன்மையே இவ்விணைப்பிற்கு அடிப்படை எனக் கொள்ள இடமுண்டு. திரை நாயகனை வாழ்த்தும் பாட்டுக்கும் அதனைக் கேட்டு ஆர்ப்பரிக்கும் சுவைஞனுக்கும் இடையிலுள்ள உறவும் ஒருதலைப்பட்டதே என்பதை நோக்க, இத்திணை இன்றைய ஆய்வுக்குப் பொருந்துவது புலனாகும்.

ஆயினும் பாடாண் வெறும் புகழ்ச்சித் திணை அன்று. செவியறிவுறூஉ என்னும் துறை அதன்கண் அடங்கும். வரி தண்டும் முறையறியாத அறிவுடை நம்பிக்கு யானை புகுந்த வயலை உவமையாக்கி அறிவுறுத்திய பிசிராந்தையார் பாடல் (புறம். 184) பாடாண் திணையிலேயே வைக்கப்பெற்றுள்ளது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்ந்த ஔவையார் பாடலும் (புறம். 95) அத்திணையினதே. பாடுவோர்க்குப் பெயரும் ஊரும் இருந்தன. புரவலனிடம் செல்லும் வழியும், அவன் தவறின் விட்டு நீங்கும் வழியும் இருந்தன. புகழ்ச்சிக்கு மதிப்பு இதனால் ஏற்பட்டது. கடிந்துரைக்க இயலாத வாய் புகழும்போது அப்புகழ் வெற்றொலியாகிறது. இதுவே இக்கட்டுரை கைக்கொள்ளும் அளவுகோல்.

தன்னைத் தானே பாடுதல்

சுசி கணேசன் இயக்கிய ‘கந்தசாமி’ தமிழ்ச் சூழலுக்கு இயைந்த ஓர் அடித்தளத்தை உடையது. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் அடியார்கள் எழுதிக் கட்டும் வேண்டுதல்களை, சேவல் வேடம் பூண்ட ஒருவன் நிறைவேற்றுகிறான். சேவல் முருகனின் கொடி. எனவே வேடமே ஒரு குறியீடு. இல்லாதார் வேண்டுவதும் இருப்பவன் ஈவதுமாகிய ஆற்றுப்படைச் சூழல் இக்கதையில் இயல்பாக அமைந்துள்ளது.

எனினும் இசை இவ்வாய்ப்பைப் பயன்கொள்ளவில்லை. தேவி ஸ்ரீ பிரசாத் இசையமைக்க, விவேகா எழுதிய பாடல்கள் பலவற்றை நாயகனாக நடித்த விக்ரமே பாடினார். புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைப் படலத்தில் கூறும் ‘நெடுமொழி கூறல்’ இங்கு நினைவுகூரத்தக்கது. வீரன் தன் ஆற்றலைத் தானே உரைத்தல் மரபுக்குப் புறம்பானதன்று. ஆனால் அது போர்க்களத்துக்குரியது. உரைத்தவன் அடுத்த நொடியில் அதனை மெய்ப்பிக்க வேண்டியவன். இப்படத்திலோ வேண்டுதல் எழுதியவர்களின் குரல் பாட்டில் எங்கும் கேட்பதில்லை. தாளம் துள்ளுகிறது, குரலில் நடிகரின் ஊக்கம் தெரிகிறது, மரத்தில் சீட்டுக் கட்டியவர்கள் மட்டும் ஊமையராயினர். வேண்டுவோர் ஊமையரானபின் ஈகை தன்விளம்பரமாகிவிடுகிறது.

ஊரற்ற குழுக்குரல்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலின் பெயரைத் தாங்கி வந்தது பிரசாந்த் நீல் இயக்கிய ‘கே.ஜி.எஃப்.’. முதற்பகுதி 2018 டிசம்பர் 21 அன்றும், இரண்டாம் பகுதி 2022 ஏப்ரல் 14 அன்றும் வெளியாயின. கன்னடத் திரைப்படத்தை நாடெங்கும் கொண்டுசேர்த்த பெருமை இதற்கு உண்டு. ராக்கி என்னும் நாயகனுக்கு முகமூடி இல்லை. எனினும் அவனுடைய ஆற்றலும் வருகையும் அதிநாயக இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவன.

ரவி பஸ்ரூரின் இசையில் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று தாயின் இழை. கன்னடத்தில் அனன்யா பட் பாடிய தாய்ப்பாடல் மெலிந்த இசைத்துணையோடு தொடங்கி, மகனின் வன்முறைக்கு ஓர் ஆணையின் எடையை ஏற்றுகிறது. மூதின்முல்லைத் தாயரை அறிந்த தமிழ் வாசகர்க்கு இவ்விழை எளிதில் விளங்கும். மற்றொன்று குழுக்குரல் இழை. முரசொலியும் கனத்த ஊதுகருவிகளும் சூழ, ஆடவர் குரல்கள் திரண்டு நாயகனை வாழ்த்துகின்றன. அரங்கை அதிரவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

வாழ்த்துவோர் யார் என்னும் வினாவை எழுப்புங்கால் சிக்கல் தோன்றுகிறது. கதைப்படி அவர்கள் சுரங்க அடிமைகள். அவ்வடிமைகளுக்கு ஊர் இல்லை; தொழிற்பாட்டு இல்லை; தாலாட்டோ ஒப்பாரியோ இல்லை. நாயகன் வரும்வரை அவர்கள் ஒலியற்றவர். வந்தபின் வாழ்த்தொலி மட்டும் உடையவர். நாராச்சி என்னும் சுரங்கம் கற்பனையாகலாம். அக்கற்பனைக்குக் களமாக அமைந்ததோ உண்மையான சயனைடு மண்மேடு. தலைப்போ உண்மையான ஊரின் பெயர். அவ்வூரில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பான்மையினர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் ஒடுக்கப்பட்ட குடியினரே மிகுதி. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பாறைவெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் மாண்டவர் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

படைப்பாளிக்கு வரலாறு எழுதும் கடமை இல்லை என்பர். அது ஏற்கத்தக்கதே. ஆனால் பெயரையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டு, அந்நிலத்தார் குரலை மட்டும் விட்டுவிடும்போது இசையின் கற்பனையே வறுமையுறுகிறது. இதனை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். 2018-இல் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ படத்திற்கு இசையமைத்த லுட்விக் யோரன்சன், செனகல் நாட்டுப் பாடகர் பாபா மாலுடன் பயணம் செய்து, பேசும் முரசு எனப்படும் ‘தாமா’வை நாயகனின் கருவியாக்கினார். வகாண்டாவும் கற்பனை நாடே. எனினும் அங்கே மன்னனைப் பாடும் குரல், மேற்காப்பிரிக்கப் புகழ்ப்பாணர் மரபில் வேர்கொண்டது. கற்பனை நிலத்துக்கு உண்மையான பாணனைத் தேடியது அப்படம். உண்மையான நிலத்துக்கு ஊரற்ற பாணரைப் படைத்தது ‘கே.ஜி.எஃப்.’.

தங்கவயலின் மற்றொரு பாட்டு

2024 ஆகஸ்டு 15 அன்று வெளியான பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ இதே நிலத்துக்கு வட ஆர்க்காட்டிலிருந்து நடந்து செல்லும் மக்களைக் காட்டுகிறது. வரலாறும் தொன்மமும் கலந்த இப்படம் அதிநாயகப் படம் அன்றெனினும், நாயகன் தன் முற்பிறவி ஆற்றலை உணரும் பகுதிகள் அவ்வகைமையைத் தொட்டுச் செல்கின்றன. ‘கந்தசாமி’யில் தன்னைத் தானே பாடிய விக்ரமே 15 ஆண்டுகளுக்குப் பின் இங்கு ஒரு குடியின் நடுவே நிற்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜி.வி. பிரகாஷ் குமாரின் இசையில் சிறந்து நிற்பது பெண்கள் ரவிக்கை அணிந்து மகிழும் சூழலில் உமா தேவி எழுதிய பாடல். நாயகன் கொண்டுவந்த துணியே அம்மகிழ்ச்சிக்குக் காரணம். ஆனால் பாட்டு நாயகனைப் புகழ்வதோடு அடங்குவதில்லை. பெண்கள் தம் உடலையும் காதலையும் பாடுகின்றனர். ஈந்தவன் பின்னே நிற்க, பெற்றவர் முன்னே வருகின்றனர். பாடாணின் பரிசில் உறவு இங்கே புதுப்பொருள் கொள்கிறது. குறையும் உண்டு. பிற்பகுதியில் பின்னணி இசை இடைவிடாது முழங்கி உரையாடலை மூழ்கடிக்கிறது. தொன்மத்தின் மருட்கையை மௌனம் உணர்த்தியிருக்கக்கூடிய இடங்களிலும் முரசு ஓய்வதில்லை. ‘கே.ஜி.எஃப்.’ வகுத்த ஒலியளவே பெருவீரத்தின் அளவு என்னும் எண்ணம் அதற்கு மாற்றாக எழுந்த படத்தையும் விடவில்லை எனலாம்.

கடிந்துரைக்கும் குரல்

மடோன் அஸ்வின் இயக்கி, பரத் சங்கர் இசையமைத்த ‘மாவீரன்’ 2023 ஜூலை 14 அன்று வெளியாயிற்று. நாளிதழில் ‘மாவீரன்’ என்னும் படக்கதை வரையும் கோழையொருவனுக்குத் திடீரென ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. விஜய் சேதுபதியின் அக்குரல் அவனை வீரனாக வருணிக்கிறது. அவனோ அவ்வருணனையிலிருந்து தப்பியோட முயல்கிறான். குடிசை அகற்றப்பட்டுத் தரமற்ற அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட மக்களின் துயரம் கதையின் களம்.

இக்குரல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. மணிமேகலையில் கந்திற்பாவை, மணிமேகலைக்கு நேர்ந்ததையும் நேரவிருப்பதையும் எடுத்துரைக்கிறது. கேட்பவள் விரும்பினும் விரும்பாவிடினும் அவ்வுரை அவளைச் செயலுக்குச் செலுத்துகிறது. ‘மாவீரன்’ படத்தின் குரலும் அத்தகையதே. அது புகழ்கிறது; அப்புகழே ஆணையாகிறது. புகழப்பட்டவன் அப்புகழுக்குத் தக்கவனாகும்வரை விடாத இதனைச் செவியறிவுறூஉவின் இன்றைய வடிவம் என்று கொள்ளலாம்.

பரத் சங்கரின் திறன் இக்குரலுக்கு இடம்விடுவதில் வெளிப்படுகிறது. குரல் பேசத் தொடங்கும்போது இசை படக்கதையின் மிகைநடையை மேற்கொள்கிறது. நாயகன் அஞ்சும்போது எள்ளலாக இறங்குகிறது. வீரத்தையும் அதன் கேலியையும் ஒரே இசைக்கருவில் காட்டுதல் எளிதன்று. அனிருத் பாடிய ஆட்டப்பாடல் மட்டும் இவ்வொழுங்கோடு ஒட்டாமல், வெளியீட்டுக்கு முந்தைய விளம்பரத் தேவையை நிறைவேற்றி நிற்கிறது. கோழையின் கதையில் நட்சத்திரத்தின் அறிமுகப் பாட்டு நுழையும்போது, கந்திற்பாவை சற்றே வாய்மூடிக்கொள்கிறது.

பெங்களூரில் நீலி

2025 ஆகஸ்டு 28 அன்று வெளிவந்த மலையாளப் படம் ‘லோகா: சாப்டர் 1 – சந்திரா’. டொமினிக் அருண் இயக்கிய இதன் கதை பெங்களூரில் நிகழ்கிறது. இரவில் பணிபுரிந்து, அண்டைவீட்டாரோடு மிகுதியும் பேசாது வாழும் இளம்பெண், உண்மையில் கள்ளியங்காட்டு நீலி. அதிநாயகியாக வரும் இவளைத் தமிழர் முன்பே அறிவர். பழையனூர் நீலி கதை தொண்டைநாட்டில் வழங்குவது. அந்நீலியைச் சமண அறம் உரைக்கும் வாதியாக்கியது நீலகேசி. குமரிப் பகுதியில் நீலி கதை வில்லுப்பாட்டாக வாழ்கிறது. வில்லுப்பாட்டில் நீலியைப் பாடுவோர் அவளை அஞ்சியும் இரங்கியும் பாடுவர். அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை கூறப்படாமல் அவள் ஆற்றல் கூறப்படுவதில்லை.

ஜேக்ஸ் பிஜாயின் இசை இம்மரபினை நேரடியாகக் கைக்கொள்ளவில்லை. பஞ்சாபி சூஃபிப் பாட்டுமரபில் வந்த ஜோதி நூரானின் உச்சக்குரலும், மேகாலயத்தைச் சேர்ந்த ரெபிளின் ராப் உரைப்பாட்டும் மின்னிசைத் தாளத்தோடு இணைகின்றன. தென்கோடி யட்சியை வடபுலக் குரலும் வடகிழக்குக் குரலும் பாடுவது முதற்கண் பொருந்தாததாகத் தோன்றும். ஆயினும் களம் பெங்களூர் என்பதை மறத்தலாகாது. பல நிலத்தாரும் பல மொழியாரும் தத்தம் பழங்கதையை மறைத்து வாழும் நகரம் அது. அங்கே நீலியும் ஒரு குடிபெயர்ந்தவள். எனவே இக்கலவை அந்நகரின் ஒலிப்படமாகவே அமைகிறது. ‘கே.ஜி.எஃப்.’ குழுக்குரல் ஊரற்றது. இப்பாடலின் குரல்கள் பல ஊர்களை உடையன. இவ்வேறுபாடு சிறிதன்று.

குறை முற்கதையில் உள்ளது. காட்டுக்குடிச் சிறுமியின் இனம் கோயில் நுழைவின் பொருட்டு மன்னனால் அழிக்கப்படும் பகுதியே படத்தின் உயிர்நிலை. அங்கே அச்சிறுமியின் குடிக்கென ஒரு பாட்டு மரபு செவிக்குத் தனித்துப் புலனாகவில்லை. பெருவாத்திய எழுச்சியே துயரத்தை ஏற்கிறது. வில்லுப்பாட்டின் ஒரு சாயல் இருந்திருப்பினும் நீலியின் சினத்துக்கு நிலம் கிடைத்திருக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. அதிநாயகத் திரையிசையின் தரத்தை முழக்கத்தின் அளவாலோ கருவிகளின் புதுமையாலோ மட்டும் உறுதிசெய்ய இயலாது. பாடும் குரலுக்கு நிலமும் உரிமையும் உண்டா என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். நாயகன் தன்னைப் பாடுங்கால் வேண்டுவோர் மறைகின்றனர். ஊரற்ற குழுவினர் பாடுங்கால் உழைத்தோர் மறைகின்றனர். பெற்றவர் தம்மைப் பாடும்போதும், குரல் நாயகனையே கடிந்து செலுத்தும்போதும் பாட்டு பொருளுடையதாகிறது. இவ்வகையில் ‘மாவீரன்’ இசை முதலிடம் பெறத்தக்கது. ‘தங்கலான்’ படத்தின் பெண்கள் பாடல் தனித்து நினைக்கத்தக்கது. ‘லோகா’ பெங்களூரின் பன்மையைச் செவிப்படுத்தியமைக்காகப் பாராட்டத்தக்கது.

கோலாரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் தொழிற்பாட்டுகளும் இரங்கற் பாடல்களும் கோயில், தேவாலயப் பாடல்களும் முறையாகத் தொகுக்கப்பெறுதல் வேண்டும். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆழத்தில் இறங்கியவர்கள் அருகி வருகின்றனர். அவர்கள் குரலைப் பதிவுசெய்வது தமிழ்த் துறைகளின் பணி. அப்பணி நிறைவேறின், அந்நிலத்தை மீண்டும் பாடவரும் இசையமைப்பாளர் எவரும் ஊரற்ற குழுக்குரலை நாட வேண்டிய தேவை இராது.