காமன் கூத்தில் வீரனும் பகைவனும்: அவர்தம் சமயம்

மேலைநாட்டுச் சித்திரக்கதை வீரர்களின் சமயம் யாது என்ற வினா வெறும் வேடிக்கையன்று. 1938ஆம் ஆண்டில் வெளிவந்த சுப்பர்மேனைப் படைத்த இருவரும் யூதக் குடிவரவாளரின் பிள்ளைகள். டெயார்டெவில் என்பானோ கத்தோலிக்கன். பாவமன்னிப்பை நாடும் மனமும் பகைவரை அடிக்கும் கையும் அவனிடத்து ஓயாது முரண்படுகின்றன. வீரன் எதனை நம்புகிறான் என்பதை அறியாது அவன் செயலை மதிப்பிடல் அரிது. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் தொடங்கும் காமன் கூத்தின் தலைவனையும் அவ்வாறே நோக்கலாம். அவனுக்கும் மனித ஆற்றலை மீறிய படைக்கலம் உண்டு: கரும்பு வில், மலரம்பு.

அவன் கதையில் பகைவனே பெரும் பக்தன். சூரபன்மன் சிவனிடம் வரம்பெற்று 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் உரிமை எய்தியவன். அவனை அழிக்கச் சிவகுமாரன் தோன்றவேண்டும். அதற்காக யோகத்திலிருக்கும் சிவன்மீது அம்பெய்ய ஏவப்படுபவன் மன்மதன். கடவுளை வழிபட்டவன் பகைவன். கடவுளுக்குக் குறிவைத்தவன் வீரன்!

எனினும் மன்மதனை நாத்திகன் எனல் பொருந்தாது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அவன் முதலில் மறுக்கிறான். சபிப்பேன் எனப் பிரமன் அச்சுறுத்திய பின்னரே புறப்படுகிறான். திருமாலின் மகனாதலின் உமை அவனுக்கு அத்தை, சிவன் மாமன். கூத்தில் ரதி அவனைத் தடுத்துச் சிவனின் ஆற்றலை எடுத்துரைக்கும்போது அவன் வீரம் பேசுகிறான். அப்பேச்சை இறைமறுப்பாகக் கொள்வதைவிட, மீளமுடியாத பயணத்துக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் முயற்சியாகக் கொள்வதே தகும். கூத்தின் உயிர் ரதியின் சொல்லிலேதான் இருக்கிறது. அவள் கூறுவது அனைத்தும் உண்மை.

காமதகனம் சைவருக்கு வெற்றிச் செய்தி. திருக்குறுக்கை அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாய்ப் போற்றப்படுவது அதனாலன்றோ? அச்சிவனையே வணங்கும் தோட்டத்து மக்கள் காமனுக்காகக் கம்பம் நட்டு விரதங்காத்து, அவன் எரியும் இரவில் ரதியோடு சேர்ந்து புலம்புகின்றனர். தஞ்சைப் பகுதி லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என வாதிட்டுப் பாடுவர். மலையகக் கூத்திலோ காமன் எரிந்தே தீருகிறான்.

இதனை வளச்சடங்கென்று கூறி அமைவது எளிது. பிறர் ஏவலால் மலையேறி, பயனைப் பிறர் கொள்ளத் தாம் வெந்துபோன தொழிலாளரின் கதையென்பதும் எளிதே. பின்னதில் உண்மையுண்டு, தேவருக்குக் குமரன் கிடைத்தான், காமனுக்குக் கிடைத்தது நெருப்பு. ஆயினும் அவ்விளக்கம் விரதத்தை மறந்துவிடுகிறது. அழுபவர்கள் சிவனைக் குறைகூறவில்லை. எரித்தவனிடமே உயிரை வேண்டுகின்றனர். நீதிகேட்கும் குரலும் வழிபடும் குரலும் ஒரே தொண்டையினின்று எழுகின்றன.

புராணத்தில் மீண்டும் உயிர்பெறும் காமன் ரதிக்கு மட்டுமே உருவுடன் தோன்றுவான். ஏனையோருக்கு அவன் அநங்கன். கூத்திலோ, தகனத்தின்பின் மூன்றாம் நாள், அவன் தப்பொலியிடையே ஊரார் எல்லோரும் காண எழுகிறான்.