வாக்குப்பதிவு நாளுக்கு முன்னும் பின்னும்: புதுச்சேரித் தேர்தல்கள் குறித்து

ஒரு தேர்தல் சுதந்திரமாகவும் நேர்மையாகவும் நடந்ததா என்ற கேள்விக்கு, வாக்குப்பதிவு அன்று சாவடியில் அமைதி நிலவியதா, இயந்திரம் பழுதின்றி இயங்கியதா என்பதை மட்டும் பார்த்து விடை சொல்லிவிடும் பழக்கம் நாளிதழ்களிலும் அரசு அறிக்கைகளிலும் வேரூன்றிவிட்டது. புதுச்சேரியின் வரலாறு இந்தப் பழக்கத்துக்கு இடம் தருவதாக இல்லை. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்கள் வாக்கெடுப்பின் வழியே முடிவு செய்வதென்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் உடன்பட்டன. அவற்றுள் ஒன்றான சந்திரநாகூரில் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடந்து, மிகப் பெரும்பான்மை இந்தியாவுடனான இணைப்பை ஆதரித்தது. எஞ்சிய நான்கு பகுதிகளில் அதற்கான சூழல் உண்டா என்று அறிய 1951-இல் பன்னாட்டு நடுநிலைப் பார்வையாளர்கள் வந்தனர். அவர்கள் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு வாக்குச்சீட்டுகூட இல்லை. ஏனெனில் வாக்கெடுப்பே நடந்திருக்கவில்லை. ஆயினும் வாக்காளர் பட்டியலின் நிலையையும், ஊரில் நிலவிய அச்சத்தையும் கண்ட அவர்கள், அன்றைய சூழலில் முழுச் சுதந்திரமான வாக்கெடுப்பு இயலாது என்னும் முடிவுக்கு வந்தார்கள். தேர்தலின் நேர்மை வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று தமிழ்ப் பகுதிகளின் அரசியல் வரலாற்றில் அரிது.

அந்த அச்சம் ஒரே நாளில் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, பிரிட்டிஷ் இந்தியாவில் சாதாரண மக்கள் நினைத்தும் பார்த்திராத வாக்குரிமையைப் புதுச்சேரியின் வயதுவந்த ஆண்கள் பெற்றிருந்தார்கள் என்பது பிரெஞ்சு ஆட்சியின் பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 1884-இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல். சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தம் தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட இந்தியர் இன்னொரு பட்டியல். ஏனைய இந்தியர் அனைவரும் மூன்றாவது பட்டியல். விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியரின் வாக்குக்கும் பெருந்திரளான மக்களின் வாக்குக்கும் இருந்த எடை வேறுபாட்டை இந்த ஏற்பாடு சட்டமாகவே ஆக்கிற்று. போதாக்குறைக்கு, சாவடியை நடத்தும் பொறுப்பு மேரி என்று இன்றும் ஊரார் அழைக்கும் நகர மன்றத்தின் கையில் இருந்ததால், மன்றத்தைப் பிடித்த கட்சி வாக்குப்பெட்டியையும் பிடித்துக்கொண்டது. 1914-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட பால் ரிஷார் தோற்ற விதத்தை அப்போது புதுச்சேரியில் தங்கியிருந்த அரவிந்தர் தம் கடிதமொன்றில் எள்ளலோடு விவரிக்கிறார்: சீட்டில் பால் ரிஷார் என்று அச்சிட்டிருந்த இடத்திலெல்லாம் பால் புளுய்சேன் என்று படித்துவிட்டார்களாம். வாக்களிக்கும் உரிமை இருந்தது, சீட்டும் இருந்தது, எண்ணிக்கையும் நடந்தது. எண்ணியவர்கள் மட்டும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களாக இல்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் இன்றைய சாவடியின் சிறப்பு புலப்படும். 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரம் வந்துவிட்ட புதுச்சேரியில், வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன், விடிந்தும் விடியாத வேளையில், கட்சி முகவர்களின் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிவாகின்றன. அவை சரிபார்த்து அழிக்கப்பட்ட பிறகே இயந்திரத்துக்கு முத்திரை விழுகிறது. வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு ஏழு நொடிகள் கண்ணாடி வழியே தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. மாலையில் சாவடியை மூடும்போது, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கைக் குறித்த 17சி படிவத்தின் நகல் ஒவ்வொரு முகவரிடமும் தரப்படுகிறது. வாக்கு எண்ணும் மையத்தில் எண்ணிக்கை இடித்தால் அந்தத் தாளை நீட்டிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பெயரை மாற்றிப் படிக்கும் 1914-இன் வித்தைக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. ஒப்புகைச் சீட்டுகளைத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் மட்டும் எண்ணிச் சரிபார்ப்பது போதுமா என்ற வாதம் தொடர்கிறது; அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. எப்படியாயினும், புதுச்சேரியில் இன்று தேர்தலின் பலவீனம் இயந்திரத்துக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதே மிகுதி.

அந்த வெளிப்புறத்தின் முதல் பெயர் பணம். ஒன்றியப் பகுதியின் ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளர்கள் 30 தொகுதிகளில் பிரிந்திருக்கிறார்கள். அதாவது தொகுதிக்குச் சராசரியாக 33,000 பேர். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். 2022-இல் திருத்தப்பட்ட உச்சவரம்பின்படி புதுச்சேரியில் ஒரு வேட்பாளர் 28 லட்சம் ரூபாயும், தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாயும் செலவிடலாம். தலைக்கு வகுத்தால், சட்டம் அனுமதிக்கும் செலவே இங்கு 85 ரூபாயை நெருங்குகிறது; அங்கு 15 ரூபாய் அளவில் நிற்கிறது. கட்சியின் பொதுப் பிரசாரச் செலவுக்கோ வரம்பே கிடையாது. சட்டத்துக்குப் புறம்பான பணத்தைக் கணக்கில் சேர்க்காமலே நிலைமை இது. சில நூறு வாக்குகள் வெற்றியைத் தீர்மானிக்கும் தொகுதியில், வேட்பாளரின் ஆட்கள் வீடுவீடாகப் போய் டோக்கனோ ரொக்கமோ கொடுத்து முடிக்க ஒரே இரவு போதும். சிறு தொகுதியில் பிரதிநிதியை எளிதில் சந்திக்கலாம் என்பது உண்மையே. ஆனால் பிரதிநிதி வாக்காளரை விலைபேசுவதும் அதே அளவுக்கு எளிது.

பணம் வாங்கிக்கொண்டாலும் மக்கள் மனம்போல்தான் வாக்களிக்கிறார்கள், வாக்கு இரகசியமானது, ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று சமாதானம் சொல்வோர் உண்டு. தனி ஒருவரைப் பொறுத்தவரை இது சரி. தெருவைப் பொறுத்தவரை சரியன்று. முடிவுகள் சாவடிவாரியாக 20-ஆம் படிவத்தில் வெளியாகின்றன. ஒரு சாவடியின் வாக்காளர்கள் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் பேர் வரைதான். ஆகவே புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் போன்ற ஒரு பகுதியில் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு யாருக்கு வாக்களித்தது, அடுத்த நகர் யாருக்கு வாக்களித்தது என்பதை வென்றவரும் தோற்றவரும் வாக்கு எண்ணும் நாள் மாலையே தெரிந்துகொள்கிறார்கள். வடிகாலும் தெருவிளக்கும் எந்தப் பக்கம் முதலில் வரும், எந்தப் பக்கம் வராது என்பதைக் கணிக்க இந்தத் தகவல் போதுமானது. வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு இடமுள்ள தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் வழி இருந்தது. இயந்திரம் வந்தபின் அது நின்றுபோயிற்று. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியொன்றைப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. ஒன்றிய அரசு இசையவில்லை. சாவடிவாரிக் கணக்கு இருந்தால்தான் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 17சி படிவத்தில் பதிவான வாக்குகளின் மொத்தம் ஏற்கெனவே முகவர் கையில் இருக்கும்போது, கட்சிவாரிப் பிரிவையும் தெருத் தெருவாகப் பறைசாற்றுவது கண்காணிப்புக்கு உதவுவதைவிடப் பழிவாங்கலுக்கே மிகுதியாக உதவுகிறது.

பணம் பிடிபட்டால் தேர்தலையே நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. 2017-இல் சென்னை ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் அப்படி நடந்தது. துணிச்சலான நடவடிக்கைதான். ஆனால் இரண்டு இடங்களிலும் சில மாதங்களில் மறுபடி தேர்தல் வந்தபோது முன்னணி வேட்பாளர்கள் அதே ஆட்களாகவே இருந்தார்கள். தொகுதி மட்டும் அதுவரை பிரதிநிதியின்றிக் காத்துக்கிடந்தது.

வாக்காளர் பட்டியலின் கதை 1951-ஐப் போலவே இன்றும் முடியவில்லை. புதுச்சேரி ஒரே நிலப்பரப்பன்று. அதன் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எல்லைக்கு அப்பால் வீடும் இப்பால் தொழிற்பேட்டை வேலையும் உள்ள குடும்பத்தில் ஒருவர் பெயர் இரு பட்டியல்களிலும் ஏறிவிடுவது வியப்பன்று. 2025 இறுதியில் இரு பகுதிகளிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஒரே காலத்தில் தொடங்கியதற்கு இவ்வகையில் ஒரு நியாயம் உண்டு. எனினும் இரட்டைப் பதிவை நீக்கும் அவசரத்தில், படிவத்தை நிரப்பித் தர ஆளில்லாத வாடகைக் குடியிருப்பாளரின் ஒற்றைப் பதிவும் போய்விடுமானால், அந்தத் திருத்தம் நேர்மையைக் கூட்டியதாகாது.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி, வாக்கு எண்ணி முடிந்த பிறகு எழுகிறது. 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருடன் மூன்று உறுப்பினர்களை ஒன்றிய அரசு நியமிக்க இடம் தருகிறது. புதுச்சேரி அரசின் பரிந்துரை இல்லாமலே அவர்களை நியமிக்கலாம், அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் பதவி விலகல்களுக்குப் பின் வெ. நாராயணசாமி அரசின் பக்கம் பேரவைத் தலைவர் உட்பட 12 பேரும், எதிரணியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 11 பேரும் நியமிக்கப்பட்ட மூவரும் இருந்தார்கள், அரசு வீழ்ந்தது. பதவி விலகல்கள் இல்லாமல் இந்நிலை வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணியிருந்தால் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதும் மறைக்க முடியாதது. சட்டப்படி குற்றமில்லாத இந்த ஏற்பாட்டில், ஒரு தொகுதியில் 33,000 பேர் வரிசையில் நின்று ஒருவருக்குத் தரும் எடையை ஓர் அரசாணை இன்னொருவருக்குத் தந்துவிடுகிறது.

வாக்கெடுப்பு கைவிடப்பட்ட பிறகு இணைப்பு எப்படி நடந்தது என்பதும் இங்கே கருதத்தக்கது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அவர்கள் பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும் நகராட்சி மன்றங்களின் உறுப்பினர்களும் ஆவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததற்கான ஜனநாயகச் சான்றில் உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்கே பெரும்பகுதி. அதன்பின் இந்த அடுக்குக்கு 1968-இல் ஒரு தேர்தல் நடந்தது. அடுத்தது, நீதிமன்றம் வரை போன பிறகு, 2006-இல். அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோயிற்று. நகராட்சிகளையும் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்திவருகிறார்கள். இடிந்து விழுந்த மேரி கட்டடம் கடற்கரையில் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்து 2021-இல் திறக்கப்பட்டுவிட்டது. அதில் அமர வேண்டிய மன்றத்துக்கான தேர்தல்தான் அந்த ஆண்டு நடக்கவில்லை.