கொள்வோனை மறந்த இலக்கணம்

பாய்ந்தோடும் குதிரைக்குக் கடிவாளம் வேண்டும், மறுப்பார் இல்லை. ஆனால், குதிரையே இல்லாதவன் கையில் கடிவாளத்தைக் கொடுத்து, "ஏறி ஓட்டு" என்றால்? நகைப்போம். அந்த நகைப்புக்குரிய காட்சிதான் நம் வகுப்பறைகளிலே ஆங்கில இலக்கணம் என்னும் பெயரால் நாள்தோறும் நடைபெறுகிறது.

பள்ளிபாளையத்திலே விசைத்தறியின் இரைச்சலுக்கு நடுவே வளரும் பிள்ளை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலே வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் தாயின் மகள். நாமக்கல்லிலே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளியின் மகன். இவர்கள் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுகிறார்கள், பிழையின்றி. நேர்கூற்றை அயற்கூற்றாக்குகிறார்கள், நொடிப்பொழுதில். மதிப்பெண் குவிகிறது. ஆனால், சேலம் சந்திப்பிலே வடநாட்டுப் பயணி ஒருவர், "நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் வண்டி எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், அந்த நா எழுவதில்லை. விதி தெரியும், விடை வராது. ஏன்?

ஏன் என்று கேட்பதுதானே நம் வழக்கம்! கேட்போம்.

நம் நாட்டிலே ஆங்கில இலக்கணம் என்றால் உடனே நினைவுக்கு வருவது 'ரென் அண்ட் மார்ட்டின்'. பி. சி. ரென், எச். மார்ட்டின் என்னும் இருவர் எழுதி, 1930களில் வெளிவந்த நூல். ரென், பம்பாய் மாகாணத்துக் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். 1924இல் 'போ ஜெஸ்ட்' என்னும் புகழ்பெற்ற புதினத்தை எழுதியவரும் அவரே. பின்னாளில் என். டி. வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பே இன்று கைகளில் தவழ்கிறது. தலைமுறைகள் மாறின; ஆட்சி மாறிற்று; அந்த நூல் மட்டும் அசையவில்லை.

நூலைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதன் ஒழுங்கு அழகியது. வாக்கியத்தில் தொடங்கி, எழுவாய் பயனிலை கூறி, சொல்வகை பகுத்துப் படிப்படியாகச் செல்கிறது. பயிற்சிகள் ஏராளம். திருத்தப் பதிப்பிலே வினையமைப்புகள் பற்றிய பகுதியும் உண்டு. குறை எங்கே? அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதிலே! இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளுக்காகவே அது முதன்மையாக எழுதப்பட்டது என்று சொல்லப்படுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்தது. ஓடுகிற குதிரை அவர்களிடம் இருந்தது. நூல் கடிவாளம் தந்தது. நம் பிள்ளைக்கோ குதிரையே இனித்தான் வர வேண்டும்.

பவணந்தியார் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலை மட்டுமா பேசினார்? கற்பிப்போன், கற்பிக்கும் முறை, கற்போன், கற்கும் முறை ஆகியவற்றையும் சேர்த்தே பேசினார். கற்போன் எவ்வகையில் கொள்வான் என்று அறிந்து, அதற்கேற்பக் கொடு என்றார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'ரென் அண்ட் மார்ட்டின்' நூலுக்குக் கற்போன் யார் என்பதே தெரியாது. அவன் தமிழன் என்பது தெரியாது. அவன் எங்கே இடறுவான் என்பதும் தெரியாது.

எங்கே இடறுகிறான்? மூன்றே மூன்று காட்டுவோம்.

"அவர் ஆசிரியர்." தமிழில் இது முழுமை பெற்ற வாக்கியம், வினைச்சொல் வேண்டியதில்லை. ஆகவே, "ஹி டீச்சர்" என்கிறான் சிறுவன். இடையிலே ஓர் 'ஈஸ்' வேண்டும் என்று தலையில் குட்டுகிறோம். உன் மொழிக்கு வேண்டாதது அந்த மொழிக்கு வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை ஒப்பிட்டுக் காட்டினோமா?

"மாமா நேற்று வந்திருந்தார்." இதை அவன் "அங்கிள் ஹேட் கம் எஸ்டர்டே" என்று எழுதுகிறான். வெறும் 'கேம்' போதும். இறந்த காலத்திலும் முன்னதாக முடிந்த செயலுக்கே 'ஹேட்' என்று நூல் சரியாகத்தான் கூறுகிறது. ஆனால், பிழை அந்த விதியை அறியாமையால் மட்டும் பிறக்கவில்லை. 'வந்திருந்தார்' என்னும் தமிழ்ச் சொல்லின் சாயலிலே பிறந்தது. நோய்முதல் நாடாத மருந்து இது.

"அவன் எங்கே போகிறான்?" இந்த வினாவை அப்படியே வைத்து, "என்று எனக்குத் தெரியாது" எனச் சேர்த்தால் தமிழில் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ, தனியே நின்றபோது "வேர் ஈஸ் ஹி கோயிங்" என்றிருந்தது, உள்ளே புகுந்ததும் "வேர் ஹி ஈஸ் கோயிங்" என்று முறை மாறுகிறது. இதைத் தமிழின் பக்கத்திலிருந்து காட்டினால் சில நிமிடங்களிலே விளங்கும். காட்டாவிட்டால் பட்டம் பெற்ற பின்னும் தொடரும், தொடர்கிறது.

சில பள்ளிகளிலோ தமிழ் பேசினாலே தண்டம்! பாலத்தை இடித்துவிட்டு ஆற்றைத் தாண்டச் சொல்கிறார்கள். "தமிழ் வழியே விளக்கினால் பிள்ளை என்றும் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பானே" என்று அஞ்சுவோரும் உண்டு. பள்ளிபாளையத்தான் ஈரோடு செல்லக் காவிரிப் பாலத்தைக் கடக்கிறான், பாலத்தின்மேல் குடியேறிவிடுகிறானா?

மாற்று முயற்சிகளே நடக்கவில்லை என்று சொல்லோம். 1959இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, சென்னை மாநிலத்து ஆசிரியர் 27,000 பேரை ஆங்கிலம் கற்பிக்கப் பழக்கும் பெருந்திட்டம் எழுந்தது. பயிற்சி பெற்றோர் பிறருக்குப் பயிற்சி தர வேண்டும். உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்றே அதற்குப் பெயர். இலக்கண விதிக்குப் பதிலாக வாக்கிய அமைப்புகளை அடுக்கடுக்காகப் பயிற்றும் முறை பரவிற்று. நல்ல நோக்கம், ஆயினும் விதியை ஒப்பித்த வாய், வாக்கியத்தை ஒப்பிக்கும் வாயாகிவிடும் இடர் அதிலும் இருந்தது.

அக்குறையை உணர்ந்தவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளிலே அவர் சோதனை நடத்தினார். இரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போவது என்று கேட்டார். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார். பொருளில் மனம் ஊன்றும்போதே மொழியின் வடிவம் உள்ளத்தில் படியும் என்பது அவர் கொள்கை. 1985இல் வெளியான மதிப்பீடு அதற்குத் தயக்கத்தோடுதான் ஆதரவு தந்தது. விதியை அறவே விட்டுவிட வேண்டும் என்று நாமும் கூறவில்லை. ஆனால், சிந்திக்கச் செய்து மொழியைத் தந்த அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

நாமக்கல், இராசிபுரம் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றது. மாநில அளவில் முதலிடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கம் 2017இல் நின்றது, மனப்பாடம் நின்றதா? பொருள் தெரியாமல் மந்திரம் ஓதுவதை எள்ளி நகையாடுகிறோம். "இங்கே ஏன் 'தி' வர வேண்டும்?" என்று மாணவன் கேட்டால், "அப்படித்தான், எழுது" என்கிறோமே, இதுவும் மந்திரமன்றி வேறென்ன?

1968இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது. தமிழ் நம் வீடு. ஆங்கிலம் உலகைக் காணும் சாளரம். அந்தச் சாளரம் நகரத்து மாளிகையார்க்கு மட்டும் திறந்து, தறிக்காரர் மகளுக்கு ஓவியச் சாளரமாக நின்றுவிடுமானால், பெற்ற உரிமையின் பயன் பாதியாகிவிடும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. தமிழ் மாணவன் இடறும் இடங்களைப் பட்டியலிட்டு, தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, அவன் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு எழுதிய ஆங்கில இலக்கணம் ஒவ்வொரு வகுப்பறைக்கும் வரட்டும். அது வரும்வரை, படித்த இளைஞரே, உங்கள் தெருவின் படிப்பகத்திலே மாலைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு அமருங்கள். அவர்கள் செய்யும் பிழையைக் குறித்து வையுங்கள், கோபிக்காதீர்கள். எழுதப்பட வேண்டிய அந்த நூலின் முதற்படி, அவர்களுடைய பிழைகளிலேதான் இருக்கிறது.