சேர்ந்து பாடும் சிறுவர்களை எப்படிக் கேட்பது?

வவுனியாவில் பிள்ளைகள் கூடிப் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் தேடி அலையத் தேவையில்லை. பாடசாலைக் காலைப் பிரார்த்தனை இருக்கிறது. கோயிலில் தீபாராதனை முடிந்ததும் பஞ்சபுராணம் பாடுகிறார்கள். அறநெறிப் பாடசாலைகளில் குருபூசைக்குப் பண்ணிசை, தேவாலயங்களில் நத்தார் காலக் கரோல், தமிழ்மொழித்தினப் போட்டியில் குழு இசை என்று வருடம் முழுவதும் எங்கோ ஓரிடத்தில் பத்து இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குறை நாம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. மேடையில் இருபது பேர் நின்றால் பெற்றோரின் காது தம் பிள்ளையின் குரலைத் தேடுகிறது. மற்றவர்களின் காது அந்த இருபதில் உரத்த குரலைத் தேடுகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் “அந்த முன்வரிசைப் பொடியன் நல்லாப் பாடினான்” என்று அவனை மட்டும் கூப்பிட்டுப் பாராட்டுகிறோம். மற்றப் பத்தொன்பது பேரும் அதைக் கவனிக்கிறார்கள். கூடிப் பாடுவதால் பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, ஒரு பெரிய நன்மை உண்டு. அந்த நன்மை அவர்களுக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் கேட்பவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள் என்பதில் பாதி தங்கியிருக்கிறது. ஆகவே சரியாகக் கேட்கக் கற்றுக்கொள்வதும் பிள்ளை வளர்ப்பில் ஒரு பகுதிதான்.

சிறுவர் பாடகர் பள்ளி என்றதும் ஐரோப்பாவே நினைவுக்கு வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துத் தோமஸ் ஆலயப் பாடகர் குழு 1212 இல் தொடங்கியது. 1723 முதல் 1750 இல் இறக்கும்வரை அங்கே சிறுவர்களைப் பாட வைத்தவர் யொஹான் செபஸ்தியான் பாக். வியன்னாச் சிறுவர் பாடகர் குழு தன் வரலாற்றை 1498 இலிருந்து எண்ணுகிறது. இப்படியான இடங்களில் பிள்ளைகள் விடுதியில் தங்கி, மற்றப் பாடங்களோடு நாள்தோறும் சேர்ந்து பாடிப் பழகுகிறார்கள். இதனால் ஒழுக்கமும் ஞாபக சக்தியும் மேடைத் துணிவும் வளரும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் சாரணர் இயக்கத்திலும் துடுப்பாட்டத்திலும் நாடகத்திலும்கூட அவை வளரும். சேர்ந்து பாடுவதில் மட்டுமே வளர்கிற ஒன்று உண்டு: பக்கத்தில் நிற்பவனைக் கேட்டுக்கொண்டே தன் குரலை அளந்து விடும் பழக்கம். தனித்துப் பாடுகிற பிள்ளைக்குச் சுருதிப் பெட்டியும் தாளமும் போதும். குழுவில் நிற்பவன் இடப்பக்கத்தானையும் வலப்பக்கத்தானையும் ஒவ்வோர் எழுத்திலும் கேட்டாக வேண்டும். தான் உரத்துப் போனால் அடக்க வேண்டும், பக்கத்தவன் மூச்சு வாங்கினால் தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். பத்து வயதுப் பையன் ஒருவனை வாய் திறந்தபடியே மற்றவரைக் கேட்க வைக்கும் பயிற்சி இதைவிட வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் காது தனிக்குரலையே தேடுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பாடும் குழந்தை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் மூன்று வயதில் தனியே பாடிய ஞானசம்பந்தர். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் சிறுவர்களுக்கென்று உருவான பாட்டுப் பள்ளி என்று எதையாவது சொல்லலாமென்றால் அது பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். இருந்தார். பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, வாத்தியாரிடம் பாட்டும் வசனமும் பாடம் செய்தார்கள். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரல்தான் கம்பெனியின் முதல். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்காகவே சனம் திரண்டது. அந்தப் பயிற்சி அரிய கலைஞர்களைத் தந்தது. அதே பயிற்சிதான் சிறுவன் பாடினால் ஓங்கிப் பாட வேண்டும், தனித்துத் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் நமக்குள் விட்டுப் போனது.

இன்னொரு மரபும் நம்மிடம் இருந்தது, அது பாய்ஸ் கம்பெனியைவிடப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் நாற்பத்தெட்டுப் பேரை நியமித்தான். உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஐம்பது பேருக்கும் ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. இடையில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பதும் அதிலே உண்டு. ஒரு குரல் போனால் இன்னொரு குரல் வந்து அந்த வரிசை குறையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் கருத்து. கூடிப் பாடுவது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இந்தக் கல்வெட்டைத்தான் நான் காட்டுவேன்.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் உட்காரும் இடம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் எதுவும் கேட்காது. நம் மண்டபங்களில் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஒலிவாங்கிகளை முன்வரிசைப் பிள்ளைகளின் வாய்க்கு நேரே வைத்துவிடுவார்கள். பெட்டியில் வருவது அந்த இரண்டு மூன்று பிள்ளைகளின் குரல்தான், குழுவின் குரல் அல்ல. மண்டபத்தின் நடுப்பகுதியில், பெட்டிகளிலிருந்து விலகி அமருங்கள். பாட்டு தொடங்குவதற்கு முந்திய நொடியைக் கவனியுங்கள். நன்றாகப் பழகிய குழுவில் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுப்பது தெரியும், தோள் உயராமல் வயிறு விரியும். அந்த மூச்சு சரியாக இருந்தால் முதலெழுத்து ஒரே குரலாக விழும். இல்லையென்றால் ஒருவன் தொடங்கி மற்றவர்கள் பின்னால் வந்து ஒட்டுவார்கள். அடுத்து நெட்டெழுத்துகளைக் கேளுங்கள். ‘ஆ’ என்று நீளும் இடத்தில் ஒருவன் வாயை அகலமாகவும் இன்னொருவன் குறுக்கியும் திறந்தால், சுருதி சரியாக இருந்தாலும் குரல்கள் கலக்காது. பிறகு வரி முடியும் இடம். தொடக்கத்தைவிட முடிவே கடினம். ‘ல்’, ‘ள்’ போன்ற மெய்யெழுத்தில் வரி முடியும்போது இருபது நாக்குகளும் ஒரே கணத்தில் மடிய வேண்டும். அங்கே சரசரவென்று ஒலி சிதறாமல் வரி முடிந்தால், அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் கேட்டுப் பழகியவர்கள் என்று நம்பலாம். கடைசியாக, மெல்லப் பாடும் இடங்களைக் காத்திருந்து கேளுங்கள். உரக்கப் பாடும்போது பிழைகள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். மெல்லப் பாடும்போது ஒளிக்க இடமில்லை.

வவுனியாவில் இவற்றோடு இன்னொன்றையும் கேட்கலாம். இந்த மாவட்டத்தின் சனம் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது. பழைய வன்னிக் கிராமங்களின் பிள்ளைகள் உண்டு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னார்ப் பக்கத்திலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்களும், 2009 இல் செட்டிகுளத்து முகாம்களைக் கடந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஒரே வகுப்பில் இருந்தாலும் வீட்டுப் பேச்சின் இழுவை வேறு, சொல் முடிக்கும் விதம் வேறு. குழுவாகப் பாடும்போது அவர்கள் எல்லோரும் ஒரே ‘ஏ’யையும் ஒரே ‘ழ’வையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய உச்சரிப்பை மற்றவர் ஏளனம் செய்யாமல், இரண்டையும் கேட்டு நடுவில் ஓர் ஒலியைப் பிடிக்கிறார்கள். ஒற்றுமை பற்றி மேடையில் எவ்வளவோ பேசுகிறோம். ஒரு பதிகத்தின் முதலிரண்டு வரிகளுக்குள் பிள்ளைகள் அதைச் செய்து முடிப்பதை நான் அதிகம் மதிக்கிறேன்.

ஆண் பிள்ளைகள் விடயத்தில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. தரம் 6 இலிருந்து மாணவர் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகிய அழகியற் பாடங்களில் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள். சங்கீதத்தைப் பெண் பிள்ளைகளின் பாடமாகவே பல வீடுகளில் கருதுகிறோம். அதையும் மீறிச் சேர்கிற பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வருகிறது. குரல்வளை வளர்ந்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். இறங்கி முடியும்வரை அவனுக்கு வசப்படுவது சில சுரங்கள்தான். கலவன் பாடசாலையில் சுருதி பெண் பிள்ளைகளுக்கும் சிறு பையன்களுக்கும் ஏற்றபடி ஐந்து கட்டையிலோ அதற்கு மேலோ வைக்கப்பட்டிருக்கும். அது அவனுக்கு எட்டாது, கீழ்ஸ்தாயியும் இன்னும் வரவில்லை. ஆகவே வாயை மட்டும் அசைக்கிறான், அடுத்த தவணையில் வராமலே விடுகிறான். பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையனின் வேடமே கைமாறியது. வியன்னா அரசவை ஆலயக் குழுவில் 1808 இல் சேர்ந்த பிரான்ஸ் ஷூபர்ட்டுக்கு 1812 இல் குரல் உடைந்தது. குழுவில் இடம் போனாலும் விடுதியும் படிப்பும் இசைப் பாடமும் உடனே நின்றுவிடவில்லை. நல்ல பள்ளி எது என்று அறிய நான் பார்ப்பது இந்த இடத்தைத்தான். குழுவின் பின்வரிசையில் குரல் மாறும் பையன்கள் நிற்கிறார்களா, அவர்களுக்கென்று குறைந்த சுரங்களுக்குள் அடங்கும் ஒரு பகுதியோ, ஆதார சுருதியைப் பிடித்து நிற்கும் வேலையோ கொடுத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கொடுத்திருந்தால் அந்த ஆசிரியர் போட்டிப் பரிசைவிடப் பிள்ளையைப் பெரிதாக நினைப்பவர்.

பிள்ளைகளைச் சேர்ந்து பாட அனுப்புங்கள் என்றால் மறுப்புகள் வரும். புலமைப்பரிசில், சாதாரண தரம், மாலையானால் ரியூசன், இதற்குள் பாட்டுக்கு எங்கே நேரம் என்று பெற்றோர் கேட்பது நியாயமானது. இசை படித்தால் கணக்கில் கூடிய புள்ளி வரும் என்று சொல்லி அவர்களை இணங்க வைப்பதை நான் ஏற்கவில்லை. கனடாவில் கிளென் ஷெல்லன்பர்க் 144 சிறுவர்களை வைத்து நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வில், கீபோர்ட் அல்லது குரலிசை படித்தவர்களின் நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடச் சற்றே கூடியது. பிறகு வந்த தொகுப்பாய்வுகள் அந்தச் சிறு கூடுதலையும் ஐயுறுகின்றன. உறுதியான சான்று வேறு பக்கத்தில் இருக்கிறது. 2013 இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பாட்டின் மூச்சு ஒழுங்கோடு இசைந்து போவதைப் பதிவு செய்தார்கள். 2015 இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள், முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து பாடும் வகுப்பில் மற்ற வகுப்புகளைவிட விரைவாக நெருங்குவதைக் கண்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், அதனால் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பயன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. மூச்சு நிதானப்படுவதும் அறிமுகமில்லாதவனோடு சீக்கிரம் சேர்வதும் பரீட்சைத் தாளில் வராதவை. எங்கள் பிள்ளைகளுக்கு அவை வேண்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு விடுதி பற்றியது. ஜெர்மனியின் றேகன்ஸ்பர்க் ஆலயச் சிறுவர் பாடகர் பள்ளியில் 1945 முதல் 1990களின் தொடக்கம் வரை குறைந்தது 547 பிள்ளைகள் வன்முறைக்கு ஆளானதாக 2017 இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. பெரும்பாலானவர்கள் அடி உதைக்கு, பலர் பாலியல் வன்முறைக்கும். புகழ்பெற்ற குழு, இனிமையான இசை, உள்ளே இந்தக் கொடுமை. இதை ஒதுக்கிவிட்டுச் சிறுவர் பாடகர் பள்ளியைப் புகழ முடியாது. என் முடிவு இதுதான்: நன்மை கூடிப் பாடுவதில் இருக்கிறது, பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதில் இல்லை. வவுனியாவுக்கு விடுதிப் பள்ளி வேண்டாம். பாடசாலை முடிந்த பின் வாரத்தில் இரண்டு நாள், கதவு திறந்திருக்கும் ஒரு வகுப்பறை, பெற்றோர் எப்போதும் வந்து உட்காரலாம் என்ற விதி, இவ்வளவும் போதும். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமா என்றால், அப்படி மூட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சோல்ஸ்பரி பேராலயமே 1991 இல் சிறுமியர் குழுவைத் தொடங்கிவிட்டது. குரல் மாறும் வயதுப் பையன்களுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கினால், கூச்சமில்லாமல் குரல் உடைந்து, உடைந்த குரலோடு பாடிப் பழகுவார்கள்.

நம்முடைய இசை தனிக்குரலுக்கானது, பல குரல் சேர்க்கை அதற்கு ஒவ்வாது என்போரும் உண்டு. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக்கொண்டு பாரதி பாடல்களையே பல குரல்களில் பாட வைத்து அதற்கு விடை சொன்னார். அந்தப் பாடல்கள் தமிழ்ப் பாடல்களாகவே கேட்கின்றன. பல குரல் வேண்டாம் என்றாலும் குறையில்லை. ஒரே சுரத்தில் இருபது பேர் நிற்பதே போதிய கடினம்.

அடுத்த முறை கோட்ட மட்டத்திலோ வலய மட்டத்திலோ குழு இசையைக் கேட்கப் போனால், முடிவு அறிவித்த பின் ஆசிரியரிடம் போய் ஒரு வேண்டுகோள் வையுங்கள். ஒலிவாங்கி இல்லாமல், பிள்ளைகளை அரைவட்டமாக நிறுத்தி, அதே பாட்டை இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் பார்த்தபடி பாடும்போது பெரும்பாலான குழுக்கள் மேடையில் பாடியதைவிட நன்றாகவே பாடும். பிறகு பாராட்டும்போது யாருடைய பெயரையும் சொல்லாதீர்கள். “மூன்றாவது வரி முடிஞ்ச இடம் எல்லாரும் ஒண்டா நிப்பாட்டினீங்கள், அது அருமை” என்று அந்த இடத்தைச் சொல்லுங்கள். பின்வரிசையில் நிற்கும் தரம் 9 பையனிடம் அவன் பிடித்து நின்ற சுரத்தைப் பற்றிக் கேளுங்கள்.